நூற்றுக்கு இரண்டு

நம் ஊர்ப் பக்கம் "ஒரு ரூபாய் வட்டி" என்றால் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் என்று அர்த்தம். கொடுக்கிறவன் அதைத் தர்ம வட்டி என்பான். வாங்குகிறவனும் அதிகமாக முணுமுணுக்க மாட்டான். இரண்டு ரூபாய் வட்டி என்றால் லேசாக முகம் சுளிப்பான். மூன்று, ஐந்து என்று ஏறினால்தான் ஊர் வாயில் விழும். ஆகவே நூற்றுக்கு ஒன்று, நூற்றுக்கு இரண்டு என்பதெல்லாம் நம் காதுக்கு வெகு சாதுவான எண்கள். பரீட்சையில் இரண்டு மார்க் வாங்கிய பையனின் தகப்பனாரைத் தவிர வேறு யாரும் அந்த எண்ணைக் கேட்டுத் திடுக்கிட்டதாகத் தெரியவில்லை.

இந்தச் சாதுவான எண்ணைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் வட்டி விஷயமாக அல்ல. கப்பலில் ஏற்றி அயல் நாட்டுக்கு அனுப்பும் ஆடு மாடுகளில் நூற்றுக்கு எத்தனை வழியில் சாகின்றன என்ற விஷயமாக.

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இந்தக் கணக்கெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். எனக்கு ஒரு சிநேகிதர் இருக்கிறார். கடல் இன்ஷ்யூரன்ஸில் முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்து ரிடையரானவர். எதையும் நூற்றுக்கு இவ்வளவு என்று மாற்றிக்கொண்டால்தான் அவர் மனத்தில் அது பதியும். ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தால், "நூற்றுக்கு அறுபது பேர் சாப்பிட்டார்கள், ஸார். பாக்கிப் பேர் தேங்காய்ப் பையோடு கிளம்பிவிட்டார்கள்" என்பார். அவர்தான் இந்தப் பேச்சை ஆரம்பித்து வைத்தார்.

"ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பல் கப்பலாக மாடு போகிறதே, தெரியுமோ? ஆயிரத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டுதான் வழியில் சாகிறது. நம் சந்தைக்கு லாரியில் போகிற மாடு இத்தனை க்ஷேமமாகப் போய்ச் சேருமா, சொல்லும்!"

அவர் சொன்னது வாஸ்தவந்தான். டார்வின் துறைமுகத்திலிருந்து இந்தோனேஷியாவுக்குப் போகும் மாட்டுக் கப்பல்களில் சாவு சொற்பம். ஐந்தாறு நாள் பிரயாணம். அடுக்கு மாடிக் கட்டடம் போல ஒன்றன் மேல் ஒன்றாகத் தட்டுகள், ஒவ்வொரு தட்டிலும் இரும்புக் கம்பி போட்ட பட்டிகள், தரையில் மரத்தூள், தொட்டியில் தண்ணீர், ராப்பகலாய்ச் சுழலும் ராட்சச விசிறிகள். மாட்டைப் பழக்கத் தெரிந்த ஆட்கள் கூடவே போகிறார்கள். நீண்ட பிரயாணமானால் கால்நடை டாக்டரும் உண்டு. விடியற்காலையில் பட்டி பட்டியாக நடந்து, எது எழுந்து நிற்கிறது, எது எழுந்திருக்கவில்லை என்று பார்ப்பதுதான் அவர்களுடைய முதல் வேலை. படுத்தது எழுந்திருக்கவில்லை என்றால் மாட்டுக்காரனுக்கு எந்தத் தேசத்திலும் வயிற்றில் புளியைக் கரைக்கும்.

கடலில் மாடு எதனால் சாகிறது? பத்துப் பண்ணைகளிலிருந்து பிடித்து வந்து ஓரிடத்தில் அடைத்தால் பாதி மிரண்டு போகிறது. களைப்பும் தூசியும் சேர்ந்து நுரையீரல் கெட்டுப் போகிறது. ஈரத் தளத்தில் வழுக்கிக் கால் போகிறது. வெக்கை தாங்காமல் போகிறது. திமில் உள்ள நம் நாட்டு ஜாதி எப்படியோ சமாளிக்கும். ஐரோப்பிய ஜாதிக்குப் பூமத்திய ரேகையைத் தாண்டும்போது பிராண சங்கடந்தான். விசிறி என்னதான் சுழன்றாலும், காற்றே ஈரமாகவும் சூடாகவும் இருந்தால் அது எதை ஆற்றும்?

செம்மறி ஆட்டின் சாவு இன்னும் விசித்திரமானது. அது பட்டினியால் சாகிறது. தொட்டி நிறையத் தீவனம் இருக்கிறது! ஆனால் அது குச்சி குச்சியாகச் செய்த தீவனம். பிறந்தது முதல் புல்வெளியில் மேய்ந்த ஆடுகளில் சில, இது தின்னும் பொருள் என்பதையே ஒப்புக்கொள்வதில்லை. பக்கத்து ஆடு தின்பதைப் பார்த்துக்கொண்டே நிற்கும். நாளுக்கு நாள் மெலியும். கடைசியில் வயிற்றில் ஒரு கிருமி வந்து வேலையை முடித்துவிடும். இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. வெக்கையால் சாவது ஒரு விதம். சாப்பாட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு அது சாப்பாடு என்று தெரியாமல் சாவது என்பது, எந்தக் கதாசிரியனுக்கும் எழுதத் தைரியம் வராத முடிவு.

நிற்க. எண்ணுக்கு வருகிறேன்.

ஆஸ்திரேலிய சர்க்கார் இதற்கெல்லாம் ஒரு கோடு கிழித்து வைத்திருக்கிறது. சாவு இந்தக் கோட்டைத் தாண்டினால் விசாரணை. ஆட்டுக்கு அந்தக் கோடு 2018 வரையில் நூற்றுக்கு இரண்டு. மாட்டுக்கு அப்போது, நீண்ட பிரயாணத்தில் நூற்றுக்கு ஒன்று. பத்து நாளுக்குள் முடிகிற பிரயாணமானால் இருநூற்றுக்கு ஒன்று. ஆட்டின் உயிர் மாட்டின் உயிரைவிட மலிவு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் சந்தை விலை இந்த எண்ணுக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

நூற்றுக்கு இரண்டு என்பதைக் கப்பலில் ஏற்றிப் பாருங்கள். 2017 ஆகஸ்டில் 'அவாஸி எக்ஸ்பிரஸ்' என்ற கப்பல் ஆஸ்திரேலியாவின் பிரிமாண்டில் துறைமுகத்திலிருந்து சுமார் 64,000 ஆடுகளோடு பாரசீக வளைகுடாவுக்குப் புறப்பட்டது. அந்தக் கணக்குக்கு நூற்றுக்கு இரண்டு என்பது சுமார் 1,280 ஆடுகள். அத்தனையும் செத்தாலும் யாரும் ஏன் என்று கேட்க வேண்டியதில்லை! அங்கே அப்போது குளிர்காலம். ஆடுகள் அதற்கேற்ற உடம்போடு ஏறின. இரண்டு மூன்று வாரத்தில் வளைகுடாவின் நடுக்கோடையில் போய் நின்றன. செத்தவை சுமார் 2,400.

இந்த எண் சர்க்காருக்கு அந்த வருஷமே தெரியும். அப்போது பெரிய ரகளை ஒன்றும் கிளம்பவில்லை. அந்தக் கப்பலில் பயிற்சிக்கு வந்திருந்த பாகிஸ்தானிய வாலிபர் ஒருவர் தம் டெலிபோனில் படம் பிடித்து வைத்திருந்தார். அது 2018 ஏப்ரலில் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியில் வந்தது. அப்புறந்தான் தேசம் கொந்தளித்தது. ஆட்டுக்கான கோடு நூற்றுக்கு ஒன்றாக இறங்கியது. கோடை மாதங்களில் அந்தப் பக்கம் ஆடு ஏற்றக்கூடாது என்று பின்னால் விதி வந்தது. 2024-இல் பார்லிமெண்டில் சட்டம் செய்து, 2028 மே முதல் தேதியோடு ஆட்டுக் கப்பல் கிடையாது என்று தீர்மானித்தார்கள். மாட்டுக் கப்பலுக்கு அந்தச் சட்டத்தில் தடையில்லை.

சிநேகிதரிடம் இதைச் சொன்னேன். "அது விதிவிலக்கு, ஸார். விதிவிலக்கை வைத்து பிரீமியம் போட முடியுமா?" என்றார்.

அதற்குள் நான் வேறொரு எண்ணைப் பிடித்துவிட்டேன். அதைப் பிடித்த நாள் முதல் அது என்னை விடவில்லை. 1788-இல் இங்கிலாந்துப் பார்லிமெண்டில் டால்பன் என்பவர் ஒரு சட்டம் கொண்டுவந்தார். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை ஏற்றிச் செல்லும் கப்பல்களுக்கான சட்டம். எத்தனை பேரை ஏற்றலாம் என்று வரம்பு கட்டியதோடு, அதில் ஓர் இனாமும் இருந்தது. நூற்றுக்கு இரண்டு பேருக்கு மேல் சாகாமல் கொண்டு சேர்த்தால் கப்பல் தலைவனுக்கு 100 பவுன், டாக்டருக்கு 50 பவுன். மூன்று பேர் வரையில் செத்தால் அதில் பாதி.

அதே இரண்டு! 230 வருஷம் கழித்து ஆட்டுக்கு வைத்த அதே எண். ஒன்றைப் பார்த்து மற்றொன்றை வைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. மனிதனையும் ஆட்டையும் ஒரு தட்டில் வைக்கிறேன் என்றும் தயவு செய்து எண்ணிவிடக் கூடாது. உயிருள்ள சரக்கை அனுப்புகிறவன் எந்த யுகத்திலும் 'இவ்வளவு போனால் பாதகமில்லை' என்று ஓர் எண்ணைத் தேடுகிறான். தேடிக் கிடைப்பது காதுக்கு உறுத்தாத எண்ணாக இருக்கிறது. நம் ஜனங்களும் இந்தக் கணக்கில் ஏறியவர்கள்தாம். சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் பிஜிக்கும் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற கப்பல்களில், டாக்டருடைய சம்பளம் உயிரோடு கரையிறக்கிய தலைக்கு இவ்வளவு என்றுதான். செத்த தலைக்குக் காசு இல்லை. இரக்கத்தை நம்பாமல் காசை நம்பினார்கள். ஓரளவு பலனும் இருந்தது.

இதற்கு நேர் எதிரிடையான ஏற்பாடு ஒன்று நம் பாண்டிய நாட்டிலேயே இருந்திருக்கிறது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துச் சங்கதி. பாரசீகச் சரித்திரக்காரர் வஸ்ஸாப் எழுதி வைத்திருக்கிறார். பாரசீக வளைகுடாவில் உள்ள கீஷ் தீவிலிருந்து ஜமாலுத்தீன் என்ற பெரு வியாபாரி வருஷத்துக்கு 1,400 குதிரைகள் அனுப்புவதாக ஒப்பந்தம். ஒரு குதிரைக்கு 220 பொன் தீனார். வழியில் செத்துப் போனாலும் விலையைப் பாண்டியன் கஜானாவிலிருந்து கொடுத்துவிட வேண்டும்! மார்க்கோ போலோவும் இந்தக் குதிரை வியாபாரத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். வருஷா வருஷம் ஆயிரக் கணக்கில் வாங்கியும், பராமரிக்கத் தெரியாமல் வருஷக் கடைசியில் நூறு கூட மிஞ்சுவதில்லையாம். லாடம் அடித்து வைத்தியம் பார்க்கத் தெரிந்தவர்களை வியாபாரிகள் இந்தப் பக்கம் வரவே விடுவதில்லையாம். குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலுக்கு வேலை!

விஜயநகரத்துச் சாளுவ நரசிம்மர் இன்னும் ஒரு படி மேலே போனார். கடலில் செத்த குதிரையின் வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினால் போதும். உயிருள்ள குதிரைக்கு உள்ள விலையைக் கொடுத்துவிடுவார் என்று நூனிஸ் என்ற போர்ச்சுகீசியர் எழுதுகிறார். என் சிநேகிதருக்கு இதைக் கேட்டதும் தூக்கிவாரிப் போட்டது. "வாலைப் பார்த்தா கிளெய்ம் கொடுத்தார்கள்? உயிரோடிருக்கிற குதிரையின் வாலையும் வெட்டி இரண்டு தரம் பணம் வாங்கியிருப்பானே! நான் மட்டும் அங்கே ஆபீஸராக இருந்திருந்தால்..." என்று வெகு நேரம் பொருமிக்கொண்டிருந்தார். ஐந்நூறு வருஷத்துக்கு முந்திய நஷ்டத்துக்காக அவர் பட்ட வேதனை உண்மையானது.

விலை உயர்ந்தால் சாவு குறையும் என்பதற்கும் நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. 1953 வரையில் நம் ராஜதானியில் இருந்த நெல்லூர்ச் சீமையின் மாடுகள் பிரேசில் தேசத்துக்குக் கடல் வழியாகப் போயின. நாம் ஓங்கோல் மாடு என்கிறோம். அவர்கள் துறைமுகத்துப் பெயரையோ ஜில்லாவின் பெயரையோ வைத்து 'நெலோர்' என்கிறார்கள். 1960களின் ஆரம்பத்தில் போன பொலிகாளைகளை நோய் பரவாமலிருக்க பெர்னான்டோ டி நொரோன்யா என்ற தீவில் மாதக் கணக்கில் வைத்திருந்து, பிறகுதான் கரைக்குக் கொண்டுபோனார்கள். அவற்றில் ஒன்றின் பெயர் கர்வாடி. ஓங்கோலுக்குப் பக்கத்துக் கிராமத்தின் பெயர். அந்தக் காளை பிரேசிலில் இன்றைக்கும் பிரசித்தம். பெயர் சொல்லி அனுப்பிய மாட்டை மாப்பிள்ளையைப் போலத்தான் கொண்டுபோவார்கள். இன்று பிரேசிலின் மாட்டு மந்தையில் பெரும் பகுதி நெலோர் ரத்தம். கோடிக் கணக்கான மாடுகள். பெயர் கிடையாது, எண்தான்.

அதே பிரேசிலில், பார்க்கரேனா என்ற ஊரை ஒட்டிய துறைமுகத்தில், 2015 அக்டோபர் 6-ஆம் தேதி 'ஹைதர்' என்ற கப்பல் சுமார் 5,000 மாடுகளுடன் கவிழ்ந்தது. வெனிசுவேலாவுக்குப் புறப்படவிருந்த கப்பல். நடுக்கடலில் புயலில் அல்ல; துறையில் கட்டியிருந்தபடியே. நீந்தத் தெரிந்த பிராணிதான் மாடு. ஆனால் கம்பிப் பட்டிக்குள் அடைபட்டது எங்கே நீந்தும்? அநேகமாக எல்லாமே போயின. பிறகு நாட்கணக்கில் பக்கத்துக் கடற்கரைகளில் பிணங்கள் எண்ணெயோடு ஒதுங்கின. பிரயாணமே தொடங்காதபோது பிரயாணச் சாவு விகிதம் என்று எதைச் சொல்வது?

ஸ்பெயினில் நடந்தது இன்னொரு வகை. 2020 டிசம்பரில் 'கரீம் அல்லா', 'எல்பைக்' என்று இரண்டு கப்பல்கள் மாடு ஏற்றிக்கொண்டு புறப்பட்டன. நீலநாக்கு நோய் இருக்கலாம் என்ற சந்தேகத்தில் துருக்கி இறக்கிக்கொள்ள மறுத்தது. துறைமுகம் துறைமுகமாக அலைந்தும் ஏற்பாரில்லை. இரண்டு மூன்று மாதம் மத்தியதரைக் கடலைச் சுற்றிவிட்டுப் புறப்பட்ட தேசத்துக்கே திரும்பின. 'எல்பைக்' ஏற்றிய 1,776-இல் சுமார் 180 கடலில் செத்திருந்தன. 'கரீம் அல்லா' ஏற்றியவை 895. அவற்றில் கடலில் செத்தவை கொஞ்சந்தான். ஆனால் இரண்டு கப்பல்களிலும் மிச்சமிருந்தவற்றை 2021 மார்ச்சில் கார்ட்டஹீனா துறைமுகத்தில் கொன்றுவிட்டார்கள். கடல் சாவு இவ்வளவு என்று மட்டும் எழுதுகிற பட்டியலில் இது எவ்வளவு அடக்கமான கதையாகத் தெரியும்!

சரி, உயிரோடு ஏன் அனுப்ப வேண்டும் என்று கேட்கத் தோன்றுகிறது. நியூஸிலாந்திலிருந்து 'டனீடின்' என்ற பாய்மரக் கப்பல் 1882-இல் குளிர் இயந்திரம் வைத்துச் சுமார் 5,000 ஆட்டு உடல்களை லண்டனுக்குக் கொண்டுபோயிற்று. மூன்று மாதப் பிரயாணம். போய்ச் சேர்ந்தபோது கழித்தது ஒரே ஓர் உடல். அப்போதே வழி தெரிந்துவிட்டது. ஆனால் வாங்குகிறவர்களுக்கும் நியாயங்கள் உண்டு. தங்கள் மார்க்கப்படி தங்கள் ஊரில் அறுக்க வேண்டும் என்கிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் ஐஸ் பெட்டி இல்லாமல் அன்றைய இறைச்சியை அன்றே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இளங்கன்றாக வாங்கி மாதக் கணக்கில் தீனி போட்டுக் கொழுக்க வைத்துப் பிழைக்கிற இந்தோனேஷியக் குடியானவர்கள் இருக்கிறார்கள். பால் பண்ணைக்குக் கிடேரி வேண்டுமானால் ஐஸில் வைத்தா அனுப்ப முடியும்?

அப்படிக் கிடேரிகளை ஏற்றிக்கொண்டு நியூஸிலாந்தின் நேப்பியரிலிருந்து சீனாவுக்குப் போனதுதான் 'கல்ப் லைவ்ஸ்டாக் 1'. கன்டெய்னர் ஏற்றுவதற்காகக் கட்டிய கப்பல். பின்னால் மாட்டுக் கப்பலாக மாற்றினார்கள். 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி ஜப்பானுக்கு அருகே மேசாக் புயலில் இயந்திரம் நின்று, அலை அடித்து மூழ்கியது. 5,800-க்கு மேற்பட்ட மாடுகள். 43 மனிதர்கள்; அவர்களில் 39 பேர் பிலிப்பைன்ஸ் தேசத்தார். பிழைத்தவர்கள் இரண்டு பேர். மாட்டைப் பற்றிப் பேசும்போது, அதை விடியற்காலையில் எழுப்பிப் பார்க்கப் போனவனை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். 1890-இலேயே பிளிம்ஸால் என்ற ஆங்கிலேயர் அட்லாண்டிக் மாட்டுக் கப்பல்களைப் பற்றித் தனிப் புத்தகம் எழுதினார். அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றக்கூடாது என்று கப்பல்களின் பக்கத்தில் கோடு போட வைத்த அதே மனிதர். அவர் கவலைப்பட்டது முக்கியமாக மாலுமிகளுக்காக.

நியூஸிலாந்து 2022-இல் சட்டம் செய்து, 2023 ஏப்ரல் 30 முதல் கடல் வழியாக உயிர்க் கால்நடை ஏற்றுமதியை நிறுத்தியது. அதே வருஷக் கடைசியில் பதவிக்கு வந்த கூட்டணி, தடையை எடுத்துவிடுவோம் என்று வாக்குக் கொடுத்திருந்தது. பணம் போன பண்ணைக்காரர்கள் வேறென்ன கேட்பார்கள்?

ஒரு விஷயத்தில் மட்டும் ஆஸ்திரேலியர்களை மெச்ச வேண்டும். 2018-இல் அந்தப் படம் வந்த பிறகு சர்க்கார் தன் பார்வையாளர்களையே கப்பலில் ஏற்றி அனுப்பத் தொடங்கிற்று. செத்ததை எண்ணினால் மட்டும் போதாது என்று தோன்றியிருக்கிறது. மாடு மூச்சிரைப்பதற்கு ஒரு மார்க் முறை உண்டு. பூஜ்யத்திலிருந்து நான்கு வரை. நிதானமாக மூச்சு விட்டால் பூஜ்யம். வேகம் கூடி எச்சில் ஒழுகினால் மார்க் ஏறும். வாயைப் பிளந்து, நாக்கை முழுக்கத் தொங்கவிட்டு, கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றால் நான்கு. சிநேகிதரிடம் இதையும் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கரை சேர்ந்துவிட்டதா, இல்லையா?" என்று கேட்டார். சேர்ந்துவிட்டது என்றேன். "அப்படியானால் கிளெய்ம் இல்லை" என்றார்.